ஆடாத நிழல்

வெண்பாத்தி ஊரில் நிழல்கள் தள்ளாடத் தொடங்கியது ஒரு மாசி மாதக் காலையில், உப்பளத்தில் அவ்வாண்டின் முதல் உப்பை வாரிக்கொண்டிருந்த நேரத்தில். அன்று கடல் கடலாகவே இருந்தது. காற்று வழக்கமான திசையிலிருந்தே வீசியது. கோயில் மணி தானாக ஒலிக்கவுமில்லை, நாய்கள் ஊளையிடவுமில்லை. இளவட்டங்கள் பாத்திகளில் வரிசையாக நின்று, நீண்ட கழியின் முனையில் பலகை பொருத்திய வாருபலகையால் உப்பை இழுத்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தபோது, கிழக்கே எழும்பிய வெயில் அவர்களுடைய நிழல்களை வெள்ளைத் தரையில் நீளமாகக் கிடத்தியது. கிடத்தப்பட்ட நிழல்களில் சில, உடையவன் நேராக நிற்கும்போதே ஒருபுறம் சரிந்து, பின் மறுபுறம் சரிந்து, விழப்போய்ச் சுதாரித்து, இல்லாத சுவரொன்றைக் கையால் தடவித் தேடி, மீண்டும் சரிந்தன.

கங்காணி ஆதிலிங்கம் இதைக் கண்டதும் பையன்கள் விடிவதற்குள்ளேயே குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, பாத்திக்குள் இறங்கி ஒவ்வொருவனுடைய வாயையும் முகர்ந்து பார்த்தார். பழைய கஞ்சியும் சின்ன வெங்காயமும் அன்றி வேறொன்றும் மணக்கவில்லை. உப்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதால் வேலையைத் தொடரச் சொல்லிவிட்டு அவர் கரையேறினார். பையன்களும், தங்கள் காலடியில் நடப்பதைக் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு, வாருவதைத் தொடர்ந்தார்கள்.

அன்று வெயில் தாழ்வதற்குள் ஊர்ப்பெண்கள் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்தெந்த வீட்டில் தகப்பனோ தகப்பனைப் பெற்றவனோ குடித்தே செத்தானோ, அந்தந்த வீட்டில் மீசை அரும்பிய பிள்ளைகளுக்கும் வயதுக்கு வந்த பெண்களுக்கும் நிழல் ஆடியது, மற்றவர்களுக்கு ஆடவில்லை. பிள்ளை குடிக்கிறவனா, குடியாதவனா என்று அது பார்க்கவில்லை. பெண்களின் நிழலைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அவர்களை ஓரமாக, மரத்தடியாக நடந்துவரச் சொன்னார்கள், அவ்வளவே.

தங்கபுஷ்பம் அன்று கரையில் கூடை சுமந்துகொண்டிருந்தாள். அவளுடைய மகன் பட்டமுத்து இருபத்திரண்டு வயதுக்காரன். குப்பியைக் கண்டாலே முகம் சுளிப்பான்; கல்யாண வீடுகளில் கொடுக்கும் கலர் சோடாவைக்கூட டம்ளரில் ஊற்றித் தந்தால்தான் குடிப்பான். அவன் பாத்தியில் நட்டுவைத்த கல் போல நின்றிருந்தான். அவனுடைய நிழல் அவனுடையதாக இல்லை. வலது காலை இழுத்து, இடது தோளைத் தாழ்த்தி, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஏதோ நினைவுக்கு வந்தாற்போல் நின்று நின்று போகும் அந்த நடையை, திருமணமான நாள் முதல் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் எதிர்பார்த்து நின்ற அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அது சிவனணைந்த பெருமாளின் நடை. ஈரல் வெந்து, இரத்தம் கக்கி, அவள் மடியில் தலைவைத்துச் செத்துப்போன கணவன், வெள்ளை உப்பின்மேல் மகனுடைய காலைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிக்கொண்டிருந்தான்.

அவள் கூடையை இறக்கவில்லை. தன் பிள்ளையின் உதட்டில் அந்தச் சனியன் படக்கூடாது என்பது, கணவனைத் தூக்கிச் சென்ற அன்று அவள் தனக்குள் செய்துகொண்ட ஒரே தீர்மானம். அதைத் தவிர இவ்வுலகில் அவளுக்கு வேறு வேண்டுதல் இருந்ததில்லை. நிழல்தானே ஆடுகிறது, பிள்ளை ஆடவில்லையே என்று சொல்லிக்கொண்டு அவள் உப்பு மேட்டை நோக்கி நடந்தாள்.

ஊர், எந்த அதிசயத்தையும் ஏற்றுக்கொள்வதைப் போலவே, இதையும் தன் வசதிக்கு ஏற்ப வளைத்து ஏற்றுக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் காவலர்கள், நிழல் ஆடுகிறவன் ஓட்டிவரும் வண்டியை மட்டும் மறித்து, கருவியை நீட்டி ஊதச் சொன்னார்கள். கருவி வாய் திறக்காதபோது கருவியைத்தான் பழுது பார்க்க அனுப்பினார்கள். பெண் கேட்டுப் போகிறவர்கள், நிழல் காலுக்கடியில் ஒடுங்கிவிடும் உச்சிப்பொழுதைத் தேர்ந்தெடுத்தார்கள்; பெண் வீட்டார் அதைப் புரிந்துகொண்டு, வெயில் சாய்வாக விழும் காலையில்தான் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பின்னர் அதுவும் போதாமல், முகூர்த்தம் நடக்கும் இடத்தில் மாப்பிள்ளையின் நிழல் சபைக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகி, பந்தல்காரர்கள் கால்களை மட்டும் நட்டு, வாழை கட்டி, தோரணம் தொங்கவிட்டு, மேலே கீற்று வேயாமல் விட்டார்கள். தாலி கட்டுவதைப் பார்க்க வந்த கூட்டம் குடை பிடித்துக்கொண்டு வியர்த்து வடிந்தது. குழந்தைகள் ஒருவனை நிழலாக்கி மற்றவனை ஆளாக்கி விளையாடினார்கள். தேநீர்க் கடையில் ஒருவன் கிளாஸை நீட்டி, “ஏல பட்டமுத்து, நீ டீயக் குடி. ஒன் நிழலு என்ன கேக்குன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுல” என்றான், எல்லோரும் சிரித்தார்கள், பட்டமுத்துவும் சிரித்தான், ஏனென்றால் அப்போது அது பங்குனி மாதம், சிரிக்க முடிந்தது.

மாவட்டத்திலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்தார். பள்ளி மைதானத்தில் ஊரைக் கூட்டி, ஆடுகிற நிழல்களை எல்லாம் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியில் பொறுமையாகப் பேசினார். தகப்பனுடைய இரத்தத்தில் இருந்த நாட்டம் பிள்ளையின் இரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும், அதைத்தான் நிழல் காட்டுகிறது என்றார். ஆனால் இரத்தம் தனியாக எதையும் செய்துவிடாது, அது விதை மாதிரி, வாழ்க்கை அந்தப் பிள்ளையை எவ்வளவு கசக்கிப் பிழிகிறதோ அவ்வளவுதான் அது முளைக்கும், ஆகையால் இவர்களை மற்றவர்களைக் காட்டிலும் மென்மையாக நடத்துங்கள் என்றார். முதல் பாதியை ஊர் வீட்டுக்கு எடுத்துச் சென்றது. இரண்டாம் பாதி மைதானத்திலேயே கிடந்தது. மறுநாள் பெருக்குகிறவர்கள் கூட்டித் தள்ளியிருப்பார்கள்.

ஆதிலிங்கம் தங்கபுஷ்பத்தின் உடன்பிறந்த அண்ணன், கெட்டவர் அல்லர். தங்கை கணவனை இழந்த காலத்தில் அவள் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவருடைய மகள் சந்தனமாரிக்குப் பட்டமுத்துதான் என்பது இருவரும் சிறுபிள்ளைகளாக உப்பு மேட்டில் சறுக்கி விளையாடிய நாளிலேயே பேசி முடித்தது. நிழல் ஆடத் தொடங்கிய பிறகு அவர் அந்தப் பேச்சை முறிக்கவில்லை; சற்றுத் தள்ளி வைத்தார். “அவன் நிழலு அடங்கட்டும் தங்கம், பொறவு பாப்போம்” என்றார். பிறகு, மருமகனை நாலு பேர் வேடிக்கை பார்க்க வேண்டாமே என்ற அன்பினால், அவனைப் பாத்தி வேலையிலிருந்து எடுத்து, உப்பைச் சேர்த்துவைக்கும், வெயிலே நுழையாத கிட்டங்கிக்குள் மூட்டை தைக்கும் வேலையில் போட்டார். தகரக் கூரைக்குக் கீழே, உப்புத் தூசி மிதக்கும் இருட்டில், வியர்வை கண்ணில் எரிய, பட்டமுத்து காலை முதல் மாலை வரை யாரோடும் பேசாமல் ஊசி கோத்தான். மாமா தனக்கு நன்மை செய்திருக்கிறார் என்று அவனிடம் எல்லோரும் சொன்னார்கள், அவனும் ஆமென்றான். ஆனால் முன்பு வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் நின்றபடியே அன்றைய கதையெல்லாம் சொல்லுகிறவன், இப்போது சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். தங்கபுஷ்பம் அதைக் கவனித்தாள். வேலை அலுப்பு என்று வைத்துக்கொண்டாள்.

தங்கபுஷ்பத்தின் மூத்த மகள் ஜெயக்கொடி திருப்பூரில் இருந்தாள். பனியன் கம்பெனியில் அவளும் கணவனும் தையல் மெஷினில் வேலை செய்தார்கள். அவளுக்கும் அதே இரத்தம்தான், அவளுடைய நிழலும் அதே மாசி மாதத்தில் ஆடத் தொடங்கியது. ஆனால் அங்கே சந்துகள் குறுகல், கட்டிடங்கள் உயரம், யாருடைய நிழலும் முழுதாகத் தரையில் விழுவதில்லை. விழுந்தாலும் அதன்மேல் பத்துப் பேர் மிதித்துக்கொண்டு ஓடுவார்கள். அவள் கணவன் ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அதைப் பார்த்துவிட்டு, கல்யாணமான நாளாக இந்த ஆட்டத்தை எனக்குக் காட்டாமல் மறைத்துவிட்டாயே என்று கேலி செய்து, நிழலுக்குத் தாளம் போட்டானாம். இருவரும் சிரித்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்களாம். தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, ஜெயக்கொடி குரலைத் தாழ்த்தினாள்.

“எம்மா, தம்பிய இங்கன அனுப்பிரு. இங்க எவனுக்கும் அடுத்தவன் நிழலப் பாக்க நேரங் கெடையாது.”

“ஊர விட்டு ஓடுனாம்னு பேரு வாங்கவா? அப்பொறம் ஒங்க மாமன் பொண்ணு தருவானா?”

“பொண்ணு கெடக்கட்டும்மா. தம்பி பேச்சே மாறிப் போச்சு. கேட்டதுக்கு ம் போடுதான்.”

தங்கபுஷ்பம் மகனை அனுப்பவில்லை. தன் பிள்ளை தப்பு செய்யாதவன், தப்பு செய்யாதவன் எதற்காக ஊரை விட்டுப் போகவேண்டும் என்பது அவளுடைய நியாயம். அது நியாயமாகவே இருந்தது. இந்த ஊரின் கண் முன்னாலேயே அவன் நிமிர்ந்து நின்று, இந்த ஊரின் கண் முன்னாலேயே சந்தனமாரி கழுத்தில் தாலி கட்டவேண்டும் என்று அவள் விரும்பினாள். குடிகாரன் பெண்டாட்டி என்று தன்னைப் பார்த்த கண்கள் அத்தனையும் அதைப் பார்க்கவேண்டும்.

சித்திரையில் முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. மூன்றாம் நாள் காலையில் அம்மனைச் சப்பரத்தில் ஏற்றி இளவட்டங்கள் தோளில் சுமந்து தெருவலம் வருவார்கள். சப்பரத்தைத் தாங்கும் முன்கொம்பின் வலப்பக்கம் பட்டமுத்துவின் இடம். அவனுடைய தோளில் அந்தக் கொம்பு பதிந்து பதிந்து தோல் காய்த்துப்போயிருந்தது. அன்று அவன் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் துண்டைச் சுற்றி வந்து நின்றபோது, ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள்; பேசி, கோயில் கமிட்டித் தலைவர் என்ற முறையில் ஆதிலிங்கத்தையே அனுப்பினார்கள். சுமக்கிறவன் நிழல் ஆடினால் சப்பரத்தின் நிழல் ஆடும், சப்பரத்தின் நிழல் ஆடினால் அம்மன் நிழல் ஆடும், அம்மன் நிழல் ஆடினால் ஊருக்கு ஆகாது என்பதை அவர் மருமகனின் முகத்தைப் பாராமல், கொம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். பட்டமுத்து தலைத்துண்டை அவிழ்த்து, நான்காக மடித்து, அடுத்து நின்றவனுடைய தோளில் கொம்பு உறுத்தாதபடி வைத்துக் கொடுத்துவிட்டு விலகினான். ஊர்வலம் போகும் வழி முழுவதும் அவன் பெண்களோடும் குழந்தைகளோடும் பின்னால் நடந்தான். அவனுக்கு முன்னால் விழுந்த அவனுடைய நிழல், கொட்டுக்கு ஏற்பத் தள்ளாடியது. சிறுவர்கள் அதைத் தாண்டித் தாண்டிக் குதித்தார்கள்.

அதன் பிறகு அவன் தன் நிழலைத் திருத்த முயன்றான். விடிந்ததும் ஆளில்லாத பாத்தியில் போய் நிற்பான். தங்கபுஷ்பம் கரையில் நின்று பார்ப்பாள். காலில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு நின்றான். நிழல் செங்கல்லோடு ஆடியது. மூச்சை அடக்கி நின்றான். அது மூச்சு வாங்கிக்கொண்டு ஆடியது. கடைசியில், நிழல் இடப்புறம் சரியும்போது தான் வலப்புறம் சரிந்தால் அது நேராகத் தெரியும் என்பதைக் கண்டுபிடித்து, அப்படியே சரிந்து சரிந்து கிட்டங்கி வரை நடந்து பழகினான். வழியில் பார்த்தவர்கள் நிழலைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்கள். பொழுது விடிந்தும் விடியாமல் போட்டுவிட்டு வருகிறான், அப்பனைப் பிடித்து உரித்து வைத்த மாதிரி, என்று பேசிக்கொண்டு போனார்கள்.

வைகாசி பிறந்தபோது, சந்தனமாரிக்கு வெளியூரில் மாப்பிள்ளை பார்ப்பதாக ஆதிலிங்கம் சொல்லி அனுப்பினார். நேரில் வர அவருக்கு மனம் துணியவில்லை. செய்தி வந்த அன்று பட்டமுத்து கிட்டங்கியிலிருந்து நேராக வீட்டுக்கு வரவில்லை.

மாலை வெயில் முற்றத்தில் நீண்டு கிடந்தது. தங்கபுஷ்பம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். வாசலில் ஆள் வரும் அரவம் கேட்பதற்கு முன்பே ஒரு நிழல் முற்றத்தில் வந்து விழுந்தது. நேராக, நீளமாக, கோடு கிழித்தாற்போல் விழுந்தது. அது சரியவில்லை. சுவரைத் தேடவில்லை. தோள்கள் இரண்டும் சமமாக, தலை நிமிர்ந்து, இவ்வளவு அழகான பிள்ளையா எனக்கு என்று அவள் வியக்கும்படி அது அவளுடைய கால்வரை நீண்டு கிடந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “எய்யா, அடங்கிட்டாய்யா? எஞ் சாமி, அடங்கிட்டா?” என்று அந்த நிழலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம்தான் நிமிர்ந்து ஆளைப் பார்த்தாள்.

பட்டமுத்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வலது கால் இழுத்தது. இடது தோள் தாழ்ந்திருந்தது.

அவள் அடிக்கவில்லை, அழவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, தலையில் தண்ணீரை ஊற்றினாள். அவன் தரையில் உட்கார்ந்து, மிகவும் மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடம் விட்டுப் பேசினான்.

“எம்மா, இத்தன நாளும் ஒரு சொட்டு தொடல. அத்தன பேரும் குடிகாரன்னு பாத்தாவ. இன்னைக்குக் குடிச்சிட்டுத் தெருவழியா வாரேன். எதுக்க வந்த மாமா நின்னு, நிழல மட்டும் பாத்துட்டு, ஏ மாப்ளேன்னு தோளத் தொட்டாரு.”

மறுநாள் ஆதிலிங்கம் வெற்றிலைத் தட்டோடு வந்தார். கண் கலங்கியிருந்தது. அம்மன் இரங்கிவிட்டாள், நான்தான் பொறுமையில்லாமல் வெளியூரில் தேடினேன், தங்கம், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். கூட வந்திருந்த பெரியவர்கள், தெருவில் நின்ற பட்டமுத்துவைச் சுற்றி நின்று அவனுடைய நிழலைப் பார்த்து, ஒரு கம்பை ஊன்றிவைத்தது போல் நிற்கிறது என்று மெச்சினார்கள். அவனுக்கு அன்று காலையிலும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. சற்று எட்டி நின்றால் மணக்காத அளவு. தங்கபுஷ்பத்துக்கு வாயில் சொல் வந்தது. அண்ணே, இவன் ஆடும்போதுதான் நல்லவனாயிருந்தான் என்ற சொல் நாக்கு வரை வந்து நின்றது. தட்டில் வெற்றிலை பச்சையாயிருந்தது. வாசலில் நின்ற பெண்கள், முதன்முதலாக, அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். அவள் தட்டை வாங்கிக்கொண்டாள்.

கல்யாணம் வரைக்கும்தானே என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். தாலி ஏறிவிட்டால் பொறுப்பு வரும், பொறுப்பு வந்தால் விட்டுவிடுவான். தன் மாமியாரும் தன் கல்யாணத்துக்கு முன்பு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. மாமா அவனை மறுபடியும் பாத்தி வேலையில் போட்டார், ஆட்களுக்கு மேலாளாகவே போட்டார். நிழலை நிறுத்த முதலில் ஒரு வாய் போதுமாயிருந்தது. பிறகு அது போதவில்லை. குடியாமல் இருக்கும் பொழுதுகளில் நிழல் முன்னைவிட மூர்க்கமாக ஆடியது. இப்போது அதனோடு சேர்ந்து அவனுடைய விரல்களும் ஆடின. முன்பு நிழலுக்கு மட்டும் இருந்த தாகம் கால் வழியே ஏறி ஆளுக்குள் குடிபுகுந்துவிட்டதை அவள் கண்ணாரக் கண்டாள். அவன் சோறு உண்ணும்போது சோறு சிந்தியது. அவள் அதைப் பொறுக்கி எடுத்தாள். ஜெயக்கொடியிடம் தம்பிக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், நலங்குக்கு மஞ்சள் இடிக்கும் சாக்கில் சந்தனமாரி அத்தை வீட்டுக்கு வந்தாள். அவளும் உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். வாய் ஓயாமல் பேசி எல்லோரையும் கேலி செய்து சிரிக்க வைக்கிறவள். அன்று உலக்கையைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அத்தை, பிராந்திக் கடையில இருந்து வாரவங்க நிழலப் பாத்திருக்கியளா?”

“நான் எதுக்குட்டி அதப் பாக்கப் போறேன்?”

“நான் பாத்திருக்கேன். பாதையோரம் உப்பு மூட்ட மேல ஏறி ஒக்காந்து பாப்பேன். ஆளு ஆடுவான், நிழலு ஆணியடிச்ச மாதிரி நிக்கும். ஒருத்தன் பாக்கியில்லாம அப்பிடித்தான்.” அவள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். “அத்தான் நிழலு ஆடுனப்ப எனக்குப் பயமே இல்ல அத்தை. ஆடுத நிழலோட எனக்குச் சம்மதம்னு அப்பாட்ட சொன்னேன், காது குடுக்கல. இப்பத்தான் பயமா இருக்கு. மணவடையில அத்தான் நிழலு ஆடட்டும். ஊரு என்னவும் சொல்லட்டும். நான் கழுத்த நீட்டுதேன்.”

தங்கபுஷ்பம் மஞ்சளை அள்ளிச் சல்லடையில் போட்டாள். சலித்துக்கொண்டே, நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஒன்றும் தெரியாது, அவனுக்கு அம்மன் அருளால் குணமாகிவிட்டது என்று சொன்னாள். சந்தனமாரி அத்தையின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு உலக்கையை எடுத்து, இடிக்கவேண்டியதை இடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முகூர்த்த நாளின் காலை, மேகமே இல்லாமல் விடிந்தது. கோயில் முன்னால் கூரையில்லாத பந்தல் நின்றது. கொட்டும் நாகசுரமும் தெருமுனையில் தொடங்கிவிட்டன. பட்டமுத்து பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, உள்ளறையில் நின்றான். முந்தின நாள் முழுவதும் அவன் எதையும் தொடவில்லை. தொடமாட்டேன் என்று யாரிடமும் சொல்லாமலேயே தொடவில்லை. அவனுடைய விரல்கள் மாலையைப் பிடிக்க முடியாமல் நடுங்கின, பூக்கள் உதிர்ந்தன. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் அவனுடைய நிழல் சுவரில் ஏறி இறங்கி, முட்டி, மோதி, வெளியேற வழி தேடும் பறவையைப் போல அலைந்தது. அவன் முகம் வெளிறியிருந்தாலும் தெளிவாக இருந்தது. அவள் வெகுநாளாகக் காணாத, சோடாவை டம்ளரில் ஊற்றித் தரக் கேட்ட பிள்ளையின் முகம் அது.

“எம்மா, நீ சொல்லு. நீ சொன்னபடி செய்யுதேன். நிழலு நிக்கணுமா, நான் நிக்கணுமா?”

வெளியே ஆதிலிங்கத்தின் குரல் கேட்டது. மாப்பிள்ளையை அழைத்துவரச் சொல்லி யாரையோ அவசரப்படுத்தினார். சாளரத்தின் வழியே, தெருவுக்கு அப்பால், கோயில் பந்தல் தெரிந்தது. முன்வரிசையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரையும் தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். அவள் கணவன் சாக்கடையோரம் கிடந்த நாளில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கடந்து போனவர்கள். அவள் கைத்தாங்கலாக அவனைத் தூக்கிவந்தபோது கதவிடுக்கு வழியே பார்த்தவர்கள். அவர்கள் மணவறைக்கு முன்னால் வெயில் விழும் மண்ணை, அங்கே வந்து விழப்போகும் நிழலுக்காக, இமைக்காமல் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அவள் சாளரத்தை விட்டுத் திரும்பினாள். நெற்குதிருக்குப் பின்னால் கையை விட்டாள். அவன் குப்பியை எங்கே மறைத்திருப்பான் என்று அவளிடம் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சிவனணைந்த பெருமாள் மறைத்து வைத்த குப்பிகளை எல்லாம் தேடித் தேடி எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்த கை அது. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். செம்பிலிருந்து தண்ணீர் கலந்தாள். எவ்வளவு கலக்கவேண்டும் என்பதும் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. மகனுடைய தாடையைப் பிடித்து, காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குக் கஷாயம் புகட்டியது போல, ஒரு சொட்டும் பட்டில் சிந்தாமல் புகட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். இரண்டு ஏலக்காயை உரித்து அவன் நாக்கின்மேல் வைத்தாள். சுவரில் அலைந்த நிழல், இரைச்சல் ஓய்ந்தாற்போல் ஓய்ந்து, மெல்ல இறங்கி அவன் காலடியில் வந்து நேராக நின்றது. அதன்பிறகு பட்டமுத்து அவளைப் பார்க்கவில்லை.

அவனை நண்பர்கள் இருபுறமும் தோளணைத்து அழைத்துச் சென்றார்கள். மாப்பிள்ளையை அப்படித்தான் அழைத்துச் செல்வது வழக்கம் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. மணவறையில் உட்கார வைத்தபோது, சாய்வாக விழுந்த வெயிலில், அவனுடைய நிழல் சபையை நோக்கி நீண்டு, அசையாமல் கிடந்தது. கூட்டத்தில் மனநிறைவான ஒரு முணுமுணுப்பு எழுந்து பின்வரிசை வரை பரவியது. ஆதிலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசைப் பெண்கள் திரும்பித் தங்கபுஷ்பத்தைப் பார்த்துத் தலையசைத்தார்கள், அவளும் தலையசைத்தாள்.

சந்தனமாரியைத் தோழிகள் அழைத்துவந்தார்கள். மணப்பெண் நாணத்தால் குனிந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் நிழல் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை, ஓர் அசைவு, ஒரு சரிவு, விரல்நுனியளவு ஒரு நடுக்கம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டே வந்தாள். மணவறைக்கு அருகில் வந்ததும் நின்றாள். தலையை நிமிர்த்தி, கூட்டத்தில் அத்தை எங்கே நிற்கிறாள் என்று பார்த்து, கண்டுபிடித்து, நிதானமாக, ஒருமுறை பார்த்தாள். தங்கபுஷ்பம் குடையைத் தாழ்த்தித் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அதன் பின் சந்தனமாரி உட்கார்ந்து, குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். கெட்டிமேளம் முழங்கியது. தாலி முடிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் கை கொஞ்சமும் நடுங்கவில்லை என்று வெண்பாத்தியில் வெகுநாள்வரை பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.